மெஷின் ஆறுகிற நேரம்

அணைத்துவிட்டேன். அணைத்த பிறகும் அந்த வாசம் போகவில்லை. பிளாஸ்டிக்கும் எண்ணெயும் சேர்ந்து கருகுகிற வாசம், அடுப்படி முழுக்க நிற்கிறது. கேக் மெஷினின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், உடனே எடுத்துவிட்டேன், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றிகூட இப்படிச் சுடாது. பிள்ளை. எதை நினைத்தாலும் அங்கேதான் போய் முட்டுகிறது. மெஷினை நினை ஜெனோவா, மெஷினை மட்டும் நினை. தப்பு என்னுடையதுதான். இரண்டு தடவையாக அடிக்க வேண்டிய வெண்ணெயையும் சீனியையும் ஒரே கிண்ணத்தில் கொட்டினேன். வெண்ணெய் பிரிட்ஜிலிருந்து எடுத்தபடி கல்லாகவே இருந்தது, இளகட்டும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லை, சீக்கிரம் முடித்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது. இடுப்பு வலி. நின்றுகொண்டே இருந்ததால் வருகிற இடுப்பு வலி, வேறொன்றும் இல்லை. மெஷின் முதலில் முனகியது, பிறகு மேடை அதிரத் தலையை ஆட்டியது, அதற்கும் பிறகுதான் வாசம் வந்தது. இனி ஆற வேண்டும். அரை மணி நேரமாவது சும்மா விட வேண்டும். அந்த அரை மணி நேரம் நான் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கை ஓய்ந்தால், சற்று முன் தொடை நடுவே பட்ட அந்த ஈரத்தைப் பற்றி நினைக்க வேண்டி வரும். வியர்வை. தூத்துக்குடியில் மே மாசத்து மத்தியானம், பக்கத்தில் ஓவன் வேறு எரிகிறது, வியர்க்காமல் என்ன செய்யும். முதுகில் வழிகிறது, கழுத்தில் வழிகிறது, அங்கேயும் வழியும். குளியலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் தெரிந்துவிடும், பத்து எட்டு நடந்தால் போதும். போக மாட்டேன். பார்க்காத வரைக்கும் அது வியர்வைதான்.

கேக்கை நினை. நாளைக் காலைப் பூசை முடிந்ததும் சில்வியாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். சில்வியா என் கணவர் கிளாட்வினின் தங்கை, இரண்டு தெரு தள்ளிக் கட்டிக் கொடுத்திருக்கிறது. கேக் நான் செய்கிறேன் என்று நானேதான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் இருக்கும்போது, தேவைக்கு மேல் சத்தமாக, "கடையில எதுக்கு, நான் போடுதேன் ரெண்டு தட்டு" என்றேன். சில்வியா, "உங்களுக்கு எதுக்கு மைனி சிரமம்" என்று சொல்லிவிட்டுத் தன் மாமியாரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் செய்கிறேன். பிள்ளை பிறந்த மறுவாரம் பார்க்கப் போயிருந்தேன், மடியில் வாங்கி வைத்திருந்தேன், நல்ல தூக்கத்தில் இருந்தது, வாய் மட்டும் தானாக அசைந்துகொண்டிருந்தது. சில்வியாவின் மாமியார் வந்து, "பால் குடிக்கிற நேரம்மா" என்று என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். தூங்குகிற பிள்ளைக்கு என்ன பால். போகிற போக்கில் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டாள், நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள். என் கையில் அந்தச் சூடு மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. என் கண் அப்படிப்பட்ட கண் இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது. அதனால் கேக். வெள்ளைக் கிரீம் பூசி, மேலே சின்னதாக ஒரு புறா. முதல் தட்டு காலையிலேயே வெந்து மேஜையில் இருக்கிறது, நன்றாகத்தான் எழும்பியிருக்கிறது. இரண்டாவது பாதியில் நிற்கிறது. நின்றுபோனது தெரிந்தால் என்ன சொல்வார்கள். அவ கை பட்டா அப்படித்தான்.

தங்கவில்லை. மாமி, கிளாட்வினின் அம்மா, ஒரு நாள் பின்சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் அப்படித்தான் சொன்னார்கள், இரண்டாவது கருவும் போன புதிதில். "என்ன செய்யச் சொல்லுத, இவளுக்கு ஒண்ணும் தங்க மாட்டேங்குது." நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், ஈரச் சேலைக்குப் பின்னால் நின்றது அவர்களுக்குத் தெரியாது. கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னார்கள், அதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தங்குவது என்றால் என்ன. பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற லாட்ஜில் தங்குகிறார்கள், பையை வைக்கிறார்கள், முகம் கழுவுகிறார்கள், வசதிப்படாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். என்ன வசதிக் குறைவு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இந்த மெஷினே அப்போது வந்ததுதான். கிளாட்வின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எதையும் பேசிச் சமாதானப்படுத்தத் தெரியாது, ஒரு நாள் சாயங்காலம் இந்தப் பெரிய அட்டைப் பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். "உனக்கு கேக் போட வரும்லா, மனசு மாறும்" என்றார். மனசு மாறத்தான் செய்தது. அதைப் போட்டால் வீட்டில் வேறு சத்தம் கேட்காது. மாமி, அதன் பெயர் மிக்சர் என்றதும், "மிக்சர்னா காராபூந்தி போட்டது, இது என்ன மிக்சரு" என்று கேட்டார்கள், நான் எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரித்தேன். நல்ல கனம். அதுதான். அந்தக் கனம்தான்.

தூக்கியிருக்கக் கூடாது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது, குனிந்து, நெஞ்சோடு அணைத்து, மேடை வரைக்கும் கொண்டுவந்து வைத்தேன். வைக்கும்போது உள்ளே ஏதோ இழுத்தது, ஒரு நூல் இழுபடுவதுபோல. ராத்திரி கிளாட்வின் தானே எடுத்து வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார், விடியற்கால ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தியிருக்கலாம், தூங்கிக்கொண்டிருந்தேன். மாமியை ஒரு கை பிடிக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், போன கிறிஸ்துமஸுக்கு ஒத்தையில்தானே தூக்கினாய் என்பார்கள், நான் முழிப்பேன், தெரிந்துவிடும். கிளாட்வினையும் என்னையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. மூன்றாம் மாசம் முடியட்டும், அதற்குப் பிறகு சொல்லலாம் என்று நான்தான் சொன்னேன். போன இரண்டு தடவையும் முதல் வாரத்திலேயே சொல்லி, மாமி கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுத்து, தெரு முழுக்க விசாரித்து, பிறகு தெரு முழுக்க விசாரிக்காமல் இருந்து, அந்த விசாரிக்காமல் இருந்ததுதான் தாங்க முடியாதது. அதனால் இந்தத் தடவை மூடி வைத்தேன். மூடி வைத்ததை மூடி வைப்பதற்காகத் தூக்கக் கூடாததைத் தூக்கினேன். இப்படி நினைத்தால் பைத்தியம் பிடிக்கும். ஒரு மெஷின்தானே. செங்கல் சுமக்கிறவள் எல்லாம் பெறவில்லையா. பெறுகிறார்கள். அவர்களுக்குத் தங்குகிறது.

"ஏட்டி, என்ன கரிஞ்ச வாட?" மாமி வந்துவிட்டார்கள். மத்தியானத் தூக்கம் கலைந்த முகம், கையில் ஜெபமாலை.

"மெஷின் சூடாயிட்டு மாமி. ஆற விட்டுருக்கேன்."

மாமி கிட்டே வந்து தொட்டுப் பார்த்தார்கள், விரலை உதறினார்கள். "ஏ ஆத்தா, இந்தச் சூடா! நல்ல காரியத்துக்குச் செய்யும்போதா இப்படி ஆகணும்." சொல்லிவிட்டுப் பழைய பேப்பர் ஒன்றை மடித்து மெஷினுக்கு விசிற ஆரம்பித்தார்கள், மயக்கம் போட்டுக் கிடக்கிறவளுக்கு விசிறுவதுபோல. எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அடிவயிற்றில் ஒரு சுருக்கும் வந்தது, மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னட்டி, முகம் வெளுத்துக் கெடக்கு?"

"வெயிலு மாமி."

"செத்த உக்காரு. கேக்கு எங்கயும் ஓடிராது." விசிறுவதை நிறுத்தாமல் என்னையே பார்த்தார்கள். என்ன பார்க்கிறார்கள். வயிற்றையா, சேலையையா. சேலையின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் சுவரில் சாய்ந்து நின்றேன். சுவர் நல்லது, சுவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது, கிளாட்வின், டீ குடிக்கக் கீழே இறங்கியிருப்பார், பின்னால் லாரிகளின் இரைச்சல். மெஷின் சூடானதைச் சொன்னேன், வேறு என்ன சொல்வது. "ஓவரா போட்டிருப்ப," என்றார், "சூடு ஏறினா அதுவே நின்னுரும், பயப்படாத. பிளக்கப் புடுங்கிப் போட்டு ஆற விடு." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா, அத யாரு எடுத்து வச்சா? நான் மறந்துட்டேன்லா" என்றார். மாமி விசிறிக்கொண்டிருக்கிறார்கள். "மாமி ஒரு கை பிடிச்சாங்க" என்றேன். மாமி விசிறுவது ஒரு கணம் நின்று மறுபடி நடந்தது. "நீ எப்படி இருக்க?" "இருக்கேன்." இருக்கிறேன் என்றுதான் சொன்னேன், இருக்கிறோம் என்று சொல்ல வரவில்லை. போனை வைத்தேன். மாமி பேப்பரை மேடையில் வைத்துவிட்டு ஹாலுக்குப் போனார்கள். "நான் எதட்டி பிடிச்சேன்" என்று மாமி கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேனோ என்னவோ.

இப்போது தொட்டால் அவ்வளவாகச் சுடவில்லை. ஆறிவிட்டது. ஆறவில்லை, எனக்கே தெரியும், மேல் தோல் ஆறியிருக்கிறது, உள்ளே அப்படியே கனன்றுகொண்டிருக்கும். ஆனால் இப்படி நிற்க முடியாது. பிளக்கைச் செருகி, குறைந்த வேகத்தில் வைத்தேன். சுற்றியது. வெண்ணெய் இப்போது இளகியிருக்கிறது, சீனி கரகரவென்று கிண்ணத்தின் சுவரில் உரசுகிற சத்தம், மஞ்சளாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறது, பார், எல்லாம் சரியாகத்தான் போகிறது, வெளுத்து மெத்தென்று வந்ததும் முட்டை, பிறகு மாவு, பிறகு ஓவன், பிறகு படுக்கலாம், காலைத் தூக்கித் தலையணையில் வைத்துக்கொண்டு படுத்தால் எல்லாம் நின்றுவிடும், போன மாசம் டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார்களே, கடுகளவு ஒன்று படபடவென்று மினுங்கியது, இதுதான் இதயம் என்றார்கள், அவ்வளவு வேகமாகத் துடிப்பது அவ்வளவு லேசில் நின்றுவிடுமா. மெஷின் நின்றுவிட்டது. முனகவில்லை, வாசம்கூட இல்லை, சுற்றிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. பட்டனைத் திருப்பினேன், திருப்பினேன், வேறு பிளக்கில் செருகிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வீடு முழுக்க அமைதி, மின்விசிறியின் சத்தம்கூடத் தூரத்தில் கேட்கிறது. மரக் கரண்டியை எடுத்துக் கையாலேயே அடிக்க ஆரம்பித்தேன். இடது கையால் கிண்ணத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வலது கையால் அடி, அடி. தோள்பட்டை கடுக்கிறது. நிறுத்தாதே. பத்து சுற்று சுற்றியிருக்க மாட்டேன், அந்தச் சுருக்கு மறுபடி வந்தது, இந்தத் தடவை போகவில்லை, இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியதுபோல நின்றது. அதோடு வெதுவெதுப்பாக ஒன்று தொடை வழியாக இறங்கி முழங்காலுக்குப் பின்னால் வந்தது. வியர்வை இப்படி இறங்காது. கரண்டியைக் கிண்ணத்திலேயே விட்டேன்.

குளியலறை. தாழ்ப்பாள். பார்த்துவிட்டேன். கத்துவேன் என்று நினைத்தேன், கத்தவில்லை, சரி, சரி என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது, யாரோ ஏதோ விளக்கிச் சொல்கிறபோது தலையாட்டுவதுபோல. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். முதல் தடவை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், "பழைய துணி கொண்டாந்தீங்களா" என்று கேட்டாள், நான் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன், அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது தடவை எனக்குத் தெரியும், எல்லாம் பையில் எடுத்துப் போனேன், தெரிந்து வைத்திருப்பதே அசிங்கமாக இருந்தது. இப்போது மறுபடி அந்தப் பை. அது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, போய் எடுக்க வேண்டும், எழுந்தால் இன்னும் வரும். எழாமல் இருந்தால் நின்றுவிடுமா. சிலருக்கு இப்படி ரத்தம் பட்டு, நின்று, நல்லபடியாகப் பிறந்திருக்கிறது. சில்வியாவுக்கே ஒரு தடவை பட்டது, ஊசி போட்டார்கள், நின்றது. ஆனால் சில்வியா எதையும் தூக்கவில்லை.

"ஏட்டி ஜெனோ." கதவுக்கு வெளியே மாமி. "கரண்டியக் கிண்ணத்துல போட்டுட்டு எங்க போன?"

இல்லை மாமி, வயிறு சரியில்லை என்று சொல்லலாம். வாயில் தயாராக இருந்தது. "மாமி," என்றேன், "எனக்குப் பட்டுருக்கு."

வெளியே ஜெபமாலை மணிகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். "மாசா மாசம் வாரதா?"

"இல்ல மாமி."

"எத்தன மாசம்?"

"மூணு ஆகப் போகுது."

பிறகு, "கதவத் தொற" என்றார்கள். திறந்தேன். என்னைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்து என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அந்த வயதுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "என்ட்ட மட்டும் சொல்லல, என்ன?" என்றார்கள். "நான் ஏதாவது சொல்லுவேன்னு பயந்தியோ?" ஆமாம் என்று தலையாட்டினேன். இல்லை என்று அவர்கள் மறுக்கவில்லை. "சொல்லத்தான் செஞ்சிருப்பேன்," என்றார்கள், "ஆனா அந்தச் சனியன நானே தூக்கி வச்சிருப்பேன்." தன்னுடைய பழைய வெள்ளைச் சேலையை நாலாக மடித்துக் கொண்டுவந்தார்கள், ஓவனை அணைத்தார்கள், வாசலில் நின்று கைதட்டி ஆட்டோவை நிறுத்தினார்கள், எல்லாம் கண்ணிமைக்கிற நேரத்தில்.

ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியது, மாமி ஒவ்வொரு தடவையும், "மெல்ல ஓட்டும் ஐயா, மெல்ல" என்றார்கள். என் தலையைத் தோளில் சாய்த்து வைத்திருந்தார்கள், இதற்கு முன் அந்தத் தோளில் நான் சாய்ந்ததில்லை, பவுடர் வாசமும் வெங்காய வாசமும். அப்போது மாமியின் போன் அடித்தது. சில்வியா. அவள் குரல் எனக்கும் கேட்டது. "அம்மா, கேக் முடிஞ்சிட்டான்னு மைனிட்ட கேளேன், இவங்க வீட்டுல கேக்காங்க." மாமி, "கேக்கு கெடையாது" என்றார்கள். "என்னம்மா சொல்லுத?" "கெடையாதுன்னு சொல்லுதேன். கடையில வாங்கிக்க. இவளுக்கு மேலுக்கு முடியல, ஆஸ்பத்திரிக்குப் போறோம்." போனை மடியில் போட்டுவிட்டு, "அந்த வீட்டுக்காரங்க என்ன வேணும்னாலும் சொல்லட்டும்" என்றார்கள், என்னிடம் இல்லை, வெளியே ஓடுகிற உப்பளத்தைப் பார்த்து. அந்தச் சாய்வில் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு ஊசி, கொஞ்சம் படுக்கை, மாமிக்கும் தெரிந்துவிட்டது, இனி ஒளிக்க வேண்டாம்.

ஸ்கேன் அறையில் குளிரூட்டி சில்லென்று இருந்தது. எங்கள் டாக்டரம்மா இல்லை, சின்ன வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள். வயிற்றில் கருவியை வைத்து அழுத்தினாள், நகர்த்தினாள், திரும்பவும் முதலில் வைத்த இடத்துக்கே வந்தாள். பிறகு திரையை மெல்லத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"போன ஸ்கேன்ல துடிப்பு பாத்தாங்களாம்மா?"

"பாத்தாங்க. எனக்கும் காட்டினாங்க."

"துடிப்பு இல்லம்மா."

"காலையில கனமா ஒண்ணு தூக்கினேன் டாக்டர். கேக் அடிக்கிற மெஷின். கீழ இருந்து மேல வச்சேன். அப்பவே உள்ள இழுத்துச்சு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. வளர்ச்சி போன வாரத்து அளவோட நின்னிருக்கு. இன்னைக்கு நடந்தது இல்லம்மா இது. உடம்புக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல." நல்ல பெண். பெரிய உதவி செய்கிறவள் முகத்தோடு சொன்னாள். மாமி என் தலைமாட்டில் நின்று, "கேட்டியா, உன் மேல தப்பு இல்லையாம், கேட்டியா மக்கா" என்று தலையைத் தடவித் தடவிச் சொன்னார்கள், சொல்லும்போதே அழுதார்கள். நான் அழவில்லை. தூக்கியதால்தான் என்று அவள் சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் இன்று காலை வரை இருந்திருக்கும், நான் குனிகிற வரை, நெஞ்சோடு அணைக்கிற வரை இருந்திருக்கும். அதையும் எடுத்துக்கொண்டாள்.

கிளாட்வின் ஷிப்ட் முடியாமலே கிளம்பி வந்துகொண்டிருக்கிறாராம். மாமி வெளியே யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என்னை ஒரு கட்டிலில் படுக்க வைத்திருக்கிறார்கள், மேலே மின்விசிறி, பச்சைத் திரை. போன வாரம். போன வாரத்தில் எந்த நாள். திங்கள் போர்வை எல்லாம் துவைத்தேன். செவ்வாய் கோயிலில் நவநாள் ஜெபத்துக்குப் போனேன், முட்டி போடாமல் பெஞ்சில் உட்கார்ந்தே ஜெபித்தேன், ஜாக்கிரதையாக. புதன் ஒன்றும் ஞாபகம் இல்லை, ஒன்றுமே நடக்காத நாள், அன்றைக்குத்தானோ. வியாழன் ஊளி மீன் குழம்புக்கு ஆசை வந்து இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன், அது கேட்கிறது என்று நினைத்துத்தான் போட்டுக்கொண்டேன். வெள்ளி சாயங்காலம் கிளாட்வின் கிரேன் மேலே ஏறி உட்கார்ந்துகொண்ட ஒரு காக்காயோடு தான் சண்டை போட்ட கதையைச் சொன்னார், அது மாதிரியே தலையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார், எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, உலுக்கிவிடுமோ என்று பயந்து இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்போது நீ இருந்தாயா?